என் கை எட்டுகிறது, சேது

சேது, ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்ததும் மற்ற பிள்ளைகள் "சாப்பிட்டாயா அம்மா" என்று கேட்பார்களாம். நீ மட்டும் "அம்மா, கையைத் தூக்கு" என்கிறாய். நானும் போலீஸிடம் மாட்டிக்கொண்டவள் மாதிரி வலது கையைத் தூக்கிக் காட்டுகிறேன். அப்பா பின்னாலிருந்து, "இடது கையையும் தூக்கச் சொல்லுடா, பூரண சரணாகதியா இருக்கட்டும்" என்கிறார். நீ சிரிக்கிறாய், நான் அவரை முறைக்கிறேன், அதற்குள் நெட் போய்விடுகிறது. நான் சொல்ல நினைத்தது வாரா வாரம் இப்படியே பாக்கி நிற்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பும்படி அப்பாவிடம் சொல்வேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் பிடிக்கும் என்பது தெரியும். உன்னை மலையாளத்தில் படிக்கவைத்தது நாங்கள்தானே. மெதுவாகவே வாசி, எனக்கொன்றும் அவசரம் இல்லை.

தோள்வலி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டபோது "இப்பத்தான், கொஞ்ச நாளா" என்றேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அது பொய் என்று உனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரிந்திருக்கும். முதலில் தலை பின்னும்போது வந்தது. பிறகு ரவிக்கையின் கையை மாட்டும்போது வந்தது. பிறகு ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் தூக்கம் போயிற்று. வயசானால் வருவதுதான் என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் யாராவது லீவு கேட்டால் மெடிக்கல் சர்ட்டிபிகேட் எங்கே என்று கேட்ட மகராசி நான். எனக்கு ஒன்று வந்தபோது மட்டும் டாக்டரே வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

தோள் அப்படி ஆனதற்குக் காரணம் அந்தக் கொடிதான். நம் வீட்டுப் பின்கட்டில், உத்தரத்திலிருந்து இரண்டு கயிற்றில் தொங்குகிற அந்த மூங்கில் கழியை நீ பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாய். நம் ஸ்ரீவராகத்துத் தெருக்களில் இப்போது எத்தனை வீட்டில் அது இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. விடிகாலையில் குளித்து, மறுநாள் பூஜைக்கும் நைவேத்தியத்துக்கும் உடுத்தப்போகிற ஒன்பது கஜப் புடவையை நானே நனைத்துப் பிழிந்து, ஒரு நீளக் கோலின் நுனியில் ஏந்தி, யார் தலையும் யார் கையும் படாத உயரத்தில் விரித்துவிட வேண்டும். மறுநாள் குளித்துவிட்டு அதே கோலால் எடுக்க வேண்டும். நடுவில் யாரும் தொட்டுவிட்டால் மடி போயிற்று, சுத்தம் கெட்டுப் புடவை விழுப்பாகிவிடும். நனைந்த ஒன்பது கஜம் என்ன கனம் கனக்கும் என்று இப்போது உனக்கும் தெரியும். வலது கை மேலே போகாதபோது கோலை இடது கையில் பிடித்து, வலது கையை அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உலர்த்தினேன். அப்பாவிடம் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. அவருக்குக் கழுத்துத் தேய்மானம், அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றும். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தால்தான் ஒரு முழு ஆள் தேறும்.

நீ கண்டுபிடித்த அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இடவப்பாதிப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. கோலை உயர்த்தினேன், பாதியில் தோளில் சுருக்கென்று ஒரு வலி. கோல் சாய்ந்து, ஈரப் புடவை முழுவதும் என் தலைமேல் விழுந்து என்னை மூடிவிட்டது. உள்ளே இருட்டு, கண்ணில் தண்ணீர். சத்தம் கேட்டு நீ ஓடிவந்தாய். முதலில் நீ சிரித்தது எனக்குக் கேட்டது. "இரும்மா, எடுக்கறேன்" என்று கிட்ட வந்தாய். நான் உள்ளேயிருந்து, "தொடாதே! அப்படியே நில்லு!" என்று கத்தினேன். மீசை முளைத்து, வேலைக்குப் போய், தலையில் ஒன்றிரண்டு நரையும் கண்ட பிள்ளை, சின்ன வயதில் நின்ற மாதிரியே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். நான் அந்தப் புடவையிலிருந்து வெளியே வருவதற்குள் நீ சிரிப்பை நிறுத்தியிருந்தாய்.

"ஏம்மா ஒத்தைக் கையாலயே புடவையை விலக்கினாய்?" என்று கேட்டாய்.

"இன்னொரு கை சும்மா இருக்கட்டும்னு."

"வலது கையைத் தூக்கு, பாப்போம்."

தூக்கினேன். தோள் மட்டத்துக்குக்கூட வரவில்லை. நீ உள்ளே போய்விட்டாய். அன்றைக்கு மத்தியானமே, உனக்கு வேலை தந்திருந்த ஜெர்மனிக் கம்பெனிக்கு எழுதி, வேலையில் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்டிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. அப்பாதான் சாயங்காலம் காபியை ஆற்றிக்கொண்டே, "உன் கை மேலே போனாத்தான் அவன் பிளேன் மேலே போகுமாம், கேட்டியோ" என்றார். எத்தனை வருஷமாக அந்த வேலைக்கு முயன்றாய், எத்தனை இன்டர்வியூ முடிந்து முகம் வாடி உட்கார்ந்திருந்தாய் என்று பார்த்தவள் நான். அவர்கள் கொஞ்ச நாள் பொறுப்பார்கள், அதற்குமேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். என் ஒரு தோளினால் உன் வாழ்க்கை நின்றுவிடக்கூடாது என்று பகவானிடம் முறையிட்டேன். அந்தப் பூஜைக்கு உடுத்தியிருந்த புடவையையும் இடது கையால்தான் உலர்த்தியிருந்தேன் என்பது வேறு விஷயம்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், தோளில் கையை உயர்த்துகிற தசைநாண் வீங்கி நைந்திருக்கிறது, அறுந்துபோகவில்லை, ஆபரேஷன் தேவையில்லை என்றார். பிசியோதெரபியும் லேசரும் எழுதித் தந்தார். லேசர் என்றதும் நான் எரிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதைவிடப் பெரிய கவலை, யார் யாரோ தொட்டுக் கையைப் பிடித்துத் திருகுவார்களே என்பது. ஆட்டோவில் வரும்போது நீ சொன்னாய்: "வெறும் வெளிச்சம்மா. வெளிச்சத்துக்கு ஏது மடியும் விழுப்பும்?" என்னை மடக்கத் தெரிந்த ஆள் இந்த உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். சரி, வெளிச்சம்தானே என்று வந்தேன்.

வஞ்சியூர்ப் பக்கம் அந்தச் சின்ன கிளினிக்கில் ஷைனி என்ற பெண் என்னைப் பார்த்துக்கொண்டாள். உன்னைவிடச் சின்னவள். கறுப்புக் கண்ணாடி ஒன்றைத் தானும் போட்டுக்கொண்டு எனக்கும் மாட்டிவிட்டாள். உன்னையும் வெளியே போகச் சொன்னாள். பேனாவைவிடக் கொஞ்சம் தடிமனாக ஒன்றை என் தோளில் வைத்தாள். சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. அவ்வளவுதான். சுடவில்லை, குத்தவில்லை, ஒன்றுமே தெரியவில்லை. தொடங்கியாயிற்றா என்று நான் கேட்பதற்குள் "கழிஞ்ஞு அம்மே" என்று எடுத்துவிட்டாள். முடிந்ததாம்! வெளியே வந்து உன்னிடம், "இதுக்குப் போய் பணத்தைக் கொட்டறாயே, ஆத்துல டார்ச் லைட் இருக்கே, அதை அடிச்சுண்டா போறாதா?" என்று கேட்டேன். நீ சிரிக்காமல், "அடுத்தது புதன்கிழமை" என்றாய். வீட்டுக்கு வந்து, அவள் தொட்டதற்காகத் தலைக்குக் குளித்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் குளித்தேன். மழைக்காலத்தில் அப்படித் தலை நனைத்து எனக்கு ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம்.

ஆனால் வலி குறைந்தது. பொய் சொல்லக்கூடாது. ராத்திரி புரண்டு படுத்தால் விழிப்பு வருவது நின்றது. ரவிக்கையை முனகாமல் போட்டுக்கொண்டேன். ஷைனி முதல் நாளே திட்டமாகச் சொல்லியிருந்தாள், இனி ஆறும்வரை தலைக்குமேல் கை போகும் வேலை எதுவும் கூடாது என்று. நானும் பெரிய பாத்திரங்களைப் பரணிலிருந்து எடுக்கவில்லை, தேங்காய் மூட்டையைத் தொடவில்லை. ஆனால் மடித்துணி உலர்த்துவதை நான் வேலைக் கணக்கில் சேர்க்கவே இல்லை, சேது. அது பூஜையோடு சேர்ந்தது இல்லையா? சுவாமி காரியத்துக்கு டாக்டர் தடை போடுவாரா என்று ஒரு நினைப்பு. கை கொஞ்சம் மேலே போகிறதே என்ற குஷியில், ஒருநாள் கோலை வலது கையிலேயே பிடித்து எட்டி விரித்தேன். அழகாக விரிந்தது. விரித்துவிட்டுக் கையை இறக்கும்போது உயிர் போயிற்று.

யாரிடமும் சொல்லவில்லை. ஷைனி கையைத் தொட்டுப் பார்த்ததும் கண்டுகொண்டாள். "அம்மே, எந்தா செய்தது? சத்தியம் பறயணும்" என்றாள். என்ன செய்தேன் என்று உண்மையைச் சொல்ல வேண்டுமாம். ஒன்றும் செய்யவில்லையே என்றேன். அவள் உன்னை உள்ளே கூப்பிட்டாள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கடைசியில் நானே கொடியையும் கோலையும் சொன்னேன். அவளுக்கு அது புரியவில்லை, நீதான் மலையாளத்தில் விளக்கினாய். கேட்டுவிட்டு அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "லேசர் வேதனையெ குறைக்கும், அத்றதான் அம்மே. வேதனை குறைஞ்ஞால் எக்சர்சைஸ் செய்யாம். கையெ நேரெயாக்குந்நது அம்ம தன்னே. அம்ம அதெ தினமும் வலிச்சு கீறினா நான் எந்து செய்யும்?" என்றாள். அவள் சொன்னது வாஸ்தவம், லேசர் வலியை மட்டும்தான் குறைக்குமாம், எக்சர்சைஸ் செய்து கையைச் சரியாக்க வேண்டியது நான்தானாம். அவள் வெளிச்சம் வைத்து ஆற்றுவதை நான் வீட்டுக்கு வந்து கோலால் கிழித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம், நீ இப்போது திட்டுவாய், மடியாவது மண்ணாவது என்று சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

மறுநாள் விடியும் முன் கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். நீ மழையிலும் பச்சைத் தண்ணீரில் தலை முழுகிக்கொண்டிருந்தாய். ஈர வேஷ்டியோடு, பல் கிடுகிடுக்க, பின்கட்டுக்கு வந்து நின்றாய். "சொல்லு, எப்படி உலர்த்தணும்?" என்றாய். சந்தியாவந்தனத்தை விட்டு வெகுகாலமான பிள்ளை. கோவிலுக்குக் கூப்பிட்டால் வெளியே செருப்புக்குக் காவலாக நிற்கிறேன் என்பவன். இதில் உனக்கு அணுவளவும் நம்பிக்கை கிடையாது என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும். "நான் மடிதானே? குளிச்சாச்சு, யாரையும் தொடலை. போறுமோல்லியோ?" என்று கேட்டாய். போதும் என்று தலையை ஆட்டினேன். அதற்குமேல் நின்றால் அழுதுவிடுவேன் என்று அடுக்களைக்குள் போய்விட்டேன்.

முதல் நாள் நீ விரித்த லட்சணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு முனை கொடியில், மறுமுனை உன் கழுத்தில். அப்பா அண்ணாந்து பார்க்க முடியாததால் நேரே பார்த்து, "இது புடவையா, பந்தலா?" என்று கேட்டார். நான் தள்ளி நின்று சொல்லச் சொல்ல, நீ கோலை ஆட்டிச் சுருக்கம் எடுத்தாய். போகப் போக என்னைவிட நேராக விரித்தாய். கிளினிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ராத்திரி கம்பெனி மீட்டிங் நீண்டு கண் சிவந்திருந்தாலும், ஒருநாளும் தவறவில்லை. எதிர்வீட்டு மாமி பார்த்துவிட்டு, "உன் பிள்ளைக்கு எந்து பற்றி, என்ன ஆச்சு? சாமியாராப் போறானா?" என்று கேட்டாள். "இல்லை, ஜெர்மனிக்குப் போறான்" என்றேன்.

மடி மடி என்று இந்த அம்மா ஏன் இப்படிப் பிடித்துத் தொங்கினாள் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததால் சொல்கிறேன். என் மாமியாருக்குப் பயந்து பிடித்த பழக்கம் இல்லை இது. ஆபீஸ், பஸ், சமையல், உன் ஹோம்வொர்க், அப்பாவின் மருந்து என்று ஓடிய காலத்தில், காலை அந்த ஒரு மணி நேரம்தான் என்னை யாரும் தொட முடியாது. யாரும் எதையும் எடுத்துக் கொடு என்று கேட்க முடியாது. குளித்து, அந்தப் புடவையை உடுத்தி, அடுப்பு முன்னால் தனியாக நின்றால் மனசு அடங்கும். பக்தி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாதி அந்தத் தனிமைதான். நீ சின்னவனாக இருக்கும்போது தூக்கக் கலக்கத்தில் காலைக் கட்டிக்கொள்ள ஓடிவருவாய். "மடி, மடி!" என்றதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றுவிடுவாய். அது உனக்கு அப்படிப் பதிந்துபோயிருக்கிறது என்று அந்த ஈரப்புடவைக்குள்ளிருந்து வெளியே வந்த அன்றைக்குத்தான் கவனித்தேன்.

ஷைனி சொன்னபடி எக்சர்சைஸ் எல்லாம் செய்தேன். சுவரில் விரலால் ஊர்ந்து ஊர்ந்து மேலே ஏற வேண்டும். ரப்பர் பட்டையை இழுக்க வேண்டும். ஒரு கம்பை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் நோயாளிக் கையை மேலே கொண்டுபோக வேண்டும். மடிக்கோலை அதற்கு எடுக்க மனசு வரவில்லை, துடைப்பக்கட்டையை வைத்துச் செய்தேன். அப்பா பக்கத்தில் நின்று, சுவரில் என் விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். மேலே காலண்டர் ஆணியை எட்டுவதுதான் இலக்கு, நேற்றைய கோட்டைத் தாண்டினால் கைதட்டுவார். தாண்டாவிட்டால், "காலண்டர் ஆணியைக் கொஞ்சம் கீழே அடிக்கட்டுமா?" என்பார். லேசருக்குப் போகும்போது டார்ச் லைட் பேச்சை விட்டுவிட்டேன். ஒன்றும் தெரியாமலே ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. கடைசியாகப் போன அன்று ஷைனிக்கு முறுக்கு சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவள் வலது கையைப் பிடித்து மெதுவாக உயர்த்தினாள், விட்டாள். கை அப்படியே நின்றது. "நோக்கிக்கே!", பாருங்களேன் என்று கத்தி, என்னைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து குளித்தேனா என்பது எனக்கு ஞாபகம் இல்லை.

நீ டிக்கெட் எடுத்தாய். ஷைனி ஒன்று மட்டும் சொல்லியனுப்பியிருந்தாள், கை குணமானாலும் தினமும் அந்த உயரத்துக்கு ஈரத்துணியைத் தூக்கக் கூடாது என்று. கொடியை இறக்கிக் கட்டலாமா என்று நீ கேட்கவே இல்லை. ஊருக்குப் போகும் முன்தினம் அந்தக் கயிற்றை நீ அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதை மட்டும் பார்த்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன்: போன வாரம் ஆளைக் கூப்பிட்டு இறக்கிக் கட்டிவிட்டேன். என் மார்பு உயரம்தான். நடந்தால் புடவை அப்பாவின் மேல் படும், பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சுவாமி ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நான் நைவேத்தியம் வைக்கிறேன், அவர் சாப்பிடுகிறார்.

உனக்குப் புத்திமதி சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. வலித்தால் வலிக்கிறது என்று அன்றைக்கே சொல். என்னைப் போலத் தைலம் தேய்த்து மறைக்காதே, அந்த ஊர்க் குளிரில் தைலமும் கிடைக்காது. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள். அவளுக்கும் உனக்குப் புரியாத ஏதாவது ஒரு பிடிவாதம் இருக்கும். அப்போது பின்கட்டில் ஈர வேஷ்டியோடு நின்றாயே, அந்தச் சேதுவாகவே இரு. சரி தப்பு பேசாமல் குளித்துவிட்டு வந்து நின்றாய், அது போதும். உன்னைப் பெறுவதற்கு நான் செய்த புண்ணியம் என்ன என்று இப்போதும் யோசிக்கிறேன். வாய்விட்டு ஒருநாளும் உனக்கு நன்றி சொன்னதில்லை. இதோ சொல்கிறேன். நன்றிடா கண்ணா. உன்னால்தான் இந்தக் கை பிழைத்தது.

நீ புறப்பட்ட காலையைப் பற்றித்தான் போனில் சொல்ல வரவில்லை. விடிகாலைப் பிளேன். நான் குளித்து, ஒன்பது கஜம் உடுத்தி, உனக்குக் கொடுத்தனுப்ப நைவேத்தியம் பண்ணிக்கொண்டிருந்தேன். டாக்சி வந்து நின்றது. பெட்டியெல்லாம் ஏற்றிவிட்டு நீ அடுக்களை வாசலுக்கு வந்தாய். உள்ளே வரவில்லை. அங்கேயே விழுந்து நமஸ்காரம் பண்ணினாய். எழுந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "போய்ட்டு வரேம்மா. கையைப் பாத்துக்கோ" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் ஒரு அடி முன்னால் வைக்கவில்லை, என் மடிக்காக.

கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். "அம்மா, மடி..." என்று நீ பின்னால் நகர்ந்தாய். "அதுக்கென்ன இப்போ, நில்லு" என்றேன். உனக்கு உன் மாமாவின் உயரம். உன் தலையைத் தொட வேண்டுமென்றால் கை நன்றாக மேலே போக வேண்டும். வலது கையைத்தான் தூக்கினேன். போயிற்று, சேது. வலிக்கவே இல்லை. உன் உச்சந்தலையில் கையை வைத்தேன். நீ குனிந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாய், அந்த வலது தோளில்தான். அப்பா வாசலிலிருந்து டாக்சிக்காரன் காத்திருக்கிறான் என்றார். நீ கிளம்பிப் போனாய். நான் அடுக்களைக்குள் போய், அந்தப் புடவையோடேயே நைவேத்தியத்தை முடித்து, சுவாமிக்கு வைத்தேன். அன்றைக்கு நான் மறுபடியும் குளிக்கவில்லை.

அம்மா